வழிமொழிய ஆளில்லாத உறுப்பினர்

தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

உள்ளூராட்சிச் சேவைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். இன்னும் சில வருடங்களில் ஏதாவதொரு பிரதேச சபையில் செயலாளர் நாற்காலியில் உட்காருவீர்கள். அந்த நாற்காலியில் நீண்ட காலம் உட்கார்ந்துவிட்டு இப்போது ஹட்டனில் ஓய்வாக இருக்கிறவன் எழுதுகிறேன். சட்டப் பிரிவுகளை நான் சொல்லித்தரப் போவதில்லை. அவற்றைப் பரீட்சைக்காக நீங்கள் மனப்பாடம் செய்திருப்பீர்கள், என்னைவிட நன்றாகவே ஒப்பிப்பீர்கள். சட்டப் புத்தகத்தில் எழுதப்படாத ஒரு விடயம் இருக்கிறது. இரண்டு கட்சிகள் எதிரெதிரே உட்கார்ந்து பழகிவிட்ட ஒரு மண்டபத்துக்குள் மூன்றாவதாக ஒருவர் நுழைந்தால் செயலாளர் என்ன செய்ய வேண்டும் என்பது. அதில் நான் இடறி விழுந்த கதைதான் இது. ஒரேயொரு தடவை விழாமல் தப்பினேன், அதையும் சொல்கிறேன்.

எங்கள் சபையில் பதினேழு உறுப்பினர்கள். கட்சிப் பெயர்களைச் சொல்லமாட்டேன். வயதான காலத்தில் ஹட்டன் பஸ் நிலையத்தில் நிம்மதியாக நடமாட ஆசைப்படுகிறவன் நான். ஆகவே அவர்கள் உட்கார்ந்த இடத்தை வைத்தே சொல்கிறேன். ஜன்னல் பக்கத்தார் எட்டுப் பேர், சுவர் பக்கத்தார் எட்டுப் பேர். இரண்டும் தோட்டத் தொழிற்சங்கங்களிலிருந்து வளர்ந்த கட்சிகள். எந்தச் சங்கத்தில் ஒருவர் சந்தா கொடுக்கிறாரோ அந்தக் கட்சிக்கே அவர் வோட்டு என்பது எங்கள் பக்கத்தில் எழுதாத சட்டம்.

இரண்டையும் நான் குறைத்துச் சொல்லமாட்டேன். லிந்துலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் லயத்துக் காம்பிராவில், வரிசை வீட்டின் ஒற்றை அறையில், பிறந்தவன் நான். என் அப்பாவை வேலையிலிருந்து நிறுத்தியபோது துரையின் ஆபீஸ் வாசலில் போய் நின்றது ஒரு சங்கம். என் அண்ணனுக்கு அதே கதி வந்தபோது நின்றது மற்றது. ஒன்றுக்குப் பயந்து மற்றது வேலை செய்தது, அதனால் சனங்களுக்கு நன்மையும் நடந்தது. ஆனால் நெடுங்காலம் சண்டை போடுகிற இருவருக்கிடையில் ஒரு உடன்பாடும் வளர்ந்துவிடுகிறது. உன் இடத்துக்கு நான் வரமாட்டேன், என் இடத்துக்கு நீ வராதே. யாருடைய இடமும் இல்லாத இடத்துக்கு இருவருமே போவதில்லை.

அப்படி ஒரு இடத்திலிருந்து வந்தவர்தான் பதினேழாவது உறுப்பினர் லூர்தம்மா. டயகமவுக்கு மேலே ஒரு தோட்டத்தின் மேல் டிவிசனில் தேயிலைக் கொழுந்து எடுப்பவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். உயரம் குறைவு, குரலும் மெதுவானது. அந்த டிவிசனில் பல குடும்பங்கள் இரண்டு சங்கத்திலிருந்தும் விலகியிருந்தன. அந்தப் பெண்கள் சேர்ந்து ஒரு சுயேச்சைக் குழு அமைத்துத் தேர்தலில் நின்றார்கள். சுற்றியிருந்த தோட்டங்களின் மேல் டிவிசன்களிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாக வோட்டு விழுந்ததில் ஒரு ஆசனம் கிடைத்துவிட்டது. யாரும் எதிர்பார்க்கவில்லை. நான் மண்டபத்தில் இரண்டு வரிசை நாற்காலிதான் போடச் சொல்லியிருந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் அமர்வில் தவிசாளரைத் தெரிவுசெய்ய வேண்டும். எட்டுக்கு எட்டு. லூர்தம்மாவின் கை எந்தப் பக்கம் தூக்கப்படுகிறதோ அந்தப் பக்கத்துக்குத் தவிசாளர் பதவி. உப தவிசாளர் பதவியை அவருக்குத் தருவதாக இரண்டு பக்கமும் தூது அனுப்பியது எனக்கே தெரியும். அவர் இரண்டு தடவையும் கையை மடியிலேயே வைத்திருந்தார். கடைசியில் திருவுளச்சீட்டுப் போட்டு ஜன்னல் பக்கத்துக்காரர் ஒருவர் தவிசாளரானார். "கெடச்சத வச்சுக்கத் தெரியாத பொம்பள" என்று சுவர் பக்கத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இரண்டாவது அமர்வு. மண்டபத்தில் இரண்டு வரிசை எதிரெதிரே போட்டிருந்தது. லூர்தம்மாவுக்காக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கதவோரமாக, பார்வையாளர் உட்காரும் நீள வாங்குக்குப் பக்கத்தில் போடச் சொல்லியிருந்தேன். வேறு எங்கே போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஜன்னல் வரிசையில் போட்டால் சுவர் பக்கத்தார் கத்துவார்கள், சுவர் வரிசையில் போட்டால் ஜன்னல் பக்கத்தார் கத்துவார்கள். லூர்தம்மா வேலைக்கு ஆள் பிரிக்கிற காலைப் பெரட்டில் பேர் கொடுத்து, அரை நாள் மலையில் வேலை செய்துவிட்டு, சேலை நுனியில் ஈரத்தோடு வந்தார்.

"ஐயா, இந்த நாக்காலி யாருக்குங்க?"

"ஒங்களுக்குத்தாம்மா."

"இங்கேருந்து பேசுனா தவிசாளருக்குக் கேக்காதுங்களே."

அவர் கோபப்படவில்லை. நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு போய் இரண்டு வரிசைக்கும் நடுவே, கால்மாட்டில், தவிசாளருக்கு நேரெதிரே வைத்து உட்கார்ந்தார். அடுத்த அமர்விலிருந்து நாற்காலியை அங்கேயே போடச் சொன்னேன். அவர் தூக்கிக்கொண்டு போன காட்சியை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. ஒரு செயலாளர் செய்திருக்க வேண்டிய வேலை அது.

மூன்றாவதாக வருகிற எல்லாரும் லூர்தம்மா இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதற்கு முன்பு ஒரு சபையில் சுயேச்சையாக வந்த ஒருவரைப் பார்த்திருக்கிறேன். இரண்டு கட்சியையும் கிழி கிழி என்று கிழித்து வோட்டு வாங்கியவர். மூன்றாம் மாதம் அவர் ஒரு பக்கத்தின் வரிசையில் போய் உட்கார்ந்தார், ஆறாம் மாதம் எதிர் வரிசையில் உட்கார்ந்தார். மூன்றாவது ஆள் என்றால் விலை பேசத்தான் வருகிறார் என்ற என் நினைப்புக்கு அவர்தான் காரணம். லூர்தம்மாவை நான் முதலில் அந்தக் கண்ணாலேயே பார்த்தேன்.

இனி நான் செய்த பெரிய பிழைக்கு வருகிறேன். எங்கள் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. அமர்வுக்கு முன்பு இரண்டு பக்கத்துத் தலைவர்களும் தவிசாளரின் அறையில் உட்கார்ந்து, பிளேன்டீயும் வடையுமாக எல்லாவற்றையும் பேசி முடித்துவிடுவார்கள். பிறகு மண்டபத்துக்கு வந்து கை தூக்குவார்கள், அவ்வளவுதான். என்ன முடிவாகும் என்பது முன்கூட்டியே தெரிவதால், நான் கூட்டறிக்கையை முதல்நாளே எழுதி வைத்துவிடுவேன். ஒவ்வொரு தீர்மானத்தின் கீழும் 'ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது' என்று வரும். என் கை அதைத் தானாகவே எழுதும்.

நான் நுவரெலியாவில் எழுதுவினைஞனாகச் சேர்ந்த காலத்தில் என் முதல் அதிகாரி இதற்காக என்னைக் கண்டித்திருக்கிறார். சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார். நடக்காத கூட்டத்துக்கு நான் அறிக்கை எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "மல்லி, நாளைக்கு நடக்கிறது இன்னைக்கே ஒங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி. நான் பல்லைக் காட்டினேன். "அப்படின்னா போய் ஒரு லொத்தர் டிக்கட் எடுங்க. இந்த வேல ஒங்களுக்கு வேணாம்" என்று சொல்லிவிட்டுத் தாளைக் கிழித்துப் போட்டார். கொஞ்ச காலம் திருந்தியிருந்தேன். அவர் மாற்றலாகிப் போனதும் பழைய குருடி கதவைத் திறடி கதைதான்.

அந்தச் சபையின் கடைசி வருடத்து மாசி மாதம் வந்தது. அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. தோட்டங்களில் லயத்துச் சனம் தண்ணீர் பிடிப்பது பீலியில். மலை ஊற்றிலிருந்து குழாய் வழியாக வந்து விழும் தண்ணீர் அது. ஒவ்வொரு பீலியாக வற்றத் தொடங்கியது. சபையிடம் இருந்தது ஒரேயொரு பவுசர், தண்ணீர்த் தாங்கி பூட்டிய லொறி. அதற்கும் எங்கள் ஊருக்கே உரிய ஒரு வழக்கம் உண்டு. தோட்டத்துச் சங்கத் தலைவர் தன் பக்கத்து உறுப்பினருக்குப் போன் பண்ணுவார், உறுப்பினர் தவிசாளருக்குச் சொல்வார், பவுசர் போகும். ஒரு நாள் ஜன்னல் பக்கத்துத் தோட்டங்கள், மறுநாள் சுவர் பக்கத்துத் தோட்டங்கள். பட்டியலில் இரண்டே நிரல்கள். லூர்தம்மாவின் டிவிசனில் இரண்டு சங்கத்துக்கும் தலைவர் இல்லை. ஆகவே போன் பண்ணவும் ஆளில்லை. அவரே இரண்டு தடவை அலுவலகத்துக்கு வந்து கேட்டார். பட்டியல் சபையில் நிறைவேறிவிட்டதால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லி அனுப்பினேன். அங்கே சனங்கள் கீழே ஓடையில் தண்ணீர் எடுக்கத் தொடங்கினார்கள். தேயிலைக்கு மருந்தடிக்கிற மலைக்குக் கீழே ஓடும் ஓடை. பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் கண்டது.

அடுத்த அமர்வு தொடங்கியது. போன அமர்வின் கூட்டறிக்கையை 'வாசித்ததாகக் கொள்வோம்' என்று தவிசாளர் சொல்லத் தொடங்கியபோது லூர்தம்மா எழுந்தார்.

"வாசிக்கச் சொல்லுங்க ஐயா. நான் வாசிச்சதாக் கொள்ளல."

வாசித்தேன். பவுசர் பட்டியல் ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது என்ற இடம் வந்தது.

"ஏகமனதான்னா இங்க உக்காந்திருந்த எல்லாரும்னு தானேங்க?"

"ஆமாம்மா."

"நான் அன்னைக்குக் கை தூக்கல. அதுல எங்க டிவிசன் பேரு இல்லேன்னு சொன்னேன். ஐயாவுக்கு ஞாபகம் இருக்கும்."

இருந்தது. ஆனால் அறிக்கையை நான் அதற்கு முதல்நாளே எழுதிவிட்டேனே! "அது வழக்கமா எழுதுற வார்த்தைம்மா" என்று சொல்லிவிட்டேன். சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"வழக்கமா எழுதுறதுன்னா, நான் எதுக்குங்க அரை நாள் வேலைய விட்டுட்டு வரணும்?"

மண்டபமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிழித்துப் போட்ட அந்தத் தாள் ஞாபகத்துக்கு வந்தது. அந்த வரியை வெட்டி, 'ஒருவர் எதிர்க்க, பெரும்பான்மையால்' என்று திருத்தி ஒப்பமிட்டேன்.

இதிலொரு விடயத்தைக் கவனியுங்கள். எதிர்ப்பு என்று அறிக்கையில் ஏறிவிட்டால் அதற்குக் காரணமும் பதிலும் ஏற வேண்டும். மேல் டிவிசனுக்குத் தண்ணீர் ஏன் இல்லை என்று அறிக்கையில் எழுதுவதற்கு ஒரு பதில் கேட்டேன். ஜன்னல் பக்கம் சுவர் பக்கத்தைப் பார்த்தது, சுவர் பக்கம் ஜன்னலைப் பார்த்தது. பிளேன்டீ அறையில் பேசாமலே விளங்கிய விடயம், மண்டபத்தில் வாய்விட்டுச் சொல்லக் கூடியதாக இல்லை. இருவர் மட்டும் இருந்தால் அந்தக் கேள்வி பிறந்திருக்காது. ஒரு தனி மனுஷி, ஒரே வார்த்தைக்கு உடன்பட மறுத்து அந்தக் கேள்வியைக் கொண்டுவந்தார். நான் மனதுக்குள் அவரைக் கும்பிட்டது அன்றைக்குத்தான்.

லூர்தம்மா பிறகு ஒரு பிரேரணையை எழுதிக் கொண்டுவந்து தந்தார். தலைவர்மாரின் போனைப் பார்த்துப் பவுசரை அனுப்பக் கூடாது. எந்தப் பீலி வற்றியிருக்கிறது என்று சபை ஊழியர் போய்ப் பார்த்து, வற்றிய வரிசைப்படி அனுப்ப வேண்டும். இவ்வளவுதான். ஆனால் சபையில் ஒரு பிரேரணையை ஒருவர் முன்மொழிந்தால் இன்னொருவர் வழிமொழிய வேண்டும். வழிமொழிய ஆளில்லாவிட்டால் விவாதத்துக்கே வராமல் அது விழுந்துவிடும். தனி ஒருவராக வந்த உறுப்பினருக்கு இதைவிடப் பெரிய பூட்டு வேறில்லை. அதற்கு முன்பு அவர் கொண்டுவந்த நாலைந்து பிரேரணைகளும் அப்படியே விழுந்திருந்தன. வழிமொழிபவர் உண்டா என்று நான் கேட்பேன், மூச்சு விடுவதற்குள் 'இல்லை' என்று எழுதுவேன்.

விசேட அமர்வுக்கு நாள் குறித்தோம். அன்று காலை தவிசாளரும் சுவர் பக்கத் தலைவரும் ஒன்றாக என் அறைக்குள் வந்தார்கள். அந்த இரண்டு பேரும் ஒன்றாக என்னைத் தேடி வந்தது என் சேவையில் அதுதான் முதல் தடவை.

"செயலாளர் ஐயா, இந்தப் பவுசர் விசயத்துல நாங்க ரெண்டு பேரும் ஒண்ணு" என்றார் தவிசாளர். "வழிமொழிய ஆள் இருக்கான்னு கேக்கிறது ஒங்க கடம. கேளுங்க. கேட்ட கையோட அடுத்ததுக்குப் போயிருங்க."

சுவர் பக்கத் தலைவர் இன்னும் வெளிப்படையாகப் பேசினார். "தலைவருக்குப் போன் பண்ணாமலே தண்ணி வரும்னா, நாளைக்கு எவன் ஐயா சங்கத்துக்குச் சந்தா குடுப்பான்?" பிறகு சிரித்துக்கொண்டே, "ஒங்களுக்குப் பென்சனுக்கு இன்னும் ஒன்றரை வருசம் இருக்குல்ல? மொனராகலைப் பக்கம் இப்ப நல்ல வெயிலாம்" என்றார்.

தூரத்து மொனராகலைக்கு இடமாற்றம் வரும் என்பது அதன் பொருள். வீரன் மாதிரி பதில் சொன்னேன் என்று எழுத ஆசைதான். "சரிங்க" என்று மட்டுந்தான் சொன்னேன்.

மண்டபத்தில் லூர்தம்மா பிரேரணையை வாசித்தார். பிறகு பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் போத்தலை எடுத்தார். உள்ளே பழுப்பு நிறத்தில் தண்ணீர், அடியில் ஒரு விரல் சேறு. "இது நேத்து எங்க ஆளுங்க குடிச்ச தண்ணி. வேற ஒண்ணும் சொல்றதுக்கில்லீங்க" என்று சொல்லி, ஜன்னல் வரிசையில் தனக்குப் பக்கத்தில் இருந்தவரின் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

நான் எழுந்து, "வழிமொழிபவர் உண்டா?" என்று கேட்டேன்.

போத்தலை வாங்கியவர் நெருப்பைத் தொட்டவர்போல் அடுத்தவரிடம் தள்ளினார். அவர் அடுத்தவரிடம் தள்ளினார். என் பேனா 'இல்லை' என்று எழுதுவதற்குத் தாளில் முட்டிக்கொண்டு நின்றது. ஆனால் என் கண் போத்தலோடு போய்க்கொண்டிருந்தது. மூன்று பேரைத்தான் அது தாண்டியிருந்தது.

"செயலாளர், அடுத்த விசயம்" என்றார் தவிசாளர்.

எனக்கே தெரியாமல் என் வாயிலிருந்து வந்தது: "தவிசாளர் அவர்களே, ஆவணம் ஒன்று சபையில் சுற்றிக்கொண்டிருக்கிறது. உறுப்பினர்கள் பார்த்து முடிக்கும்வரை அடுத்த விடயத்தை எடுக்க முடியாது."

ஒரு சேற்றுத் தண்ணீர்ப் போத்தலை ஆவணம் என்று சொன்ன செயலாளர் இந்த நாட்டில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அப்படி ஒரு விதி இருக்கிறதா என்று இன்றுவரை நான் தேடிப் பார்க்கவில்லை, நீங்களும் தேட வேண்டாம். தவிசாளர் என்னை முறைத்தார். நான் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மொனராகலை வெயில் முதுகில் அடிப்பதுபோல் இருந்தது.

போத்தல் ஜன்னல் வரிசையின் முனையில் இருந்த கருப்பையாவிடம் போய்ச் சேர்ந்தது. சபையில் ஆக மூத்த உறுப்பினர் அவர். முப்பது வருடம் தோட்டத்துச் சங்கத் தலைவராக இருந்தவர், கட்சி சொன்னதைத் தாண்டி ஒரு அடி வைத்தறியாதவர். மற்றவர்கள் தள்ளிவிட்ட போத்தலை அவர் தள்ளவில்லை. மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். மூடினார். மறுபடியும் திறந்து முகர்ந்தார்.

"மருந்து வாசம் அடிக்குதே லூர்தம்மா" என்றார்.

"ஆமாங்கண்ணே."

"புள்ளைங்களும் இதத்தான் குடிக்குதா?"

"வேற இல்லீங்கண்ணே."

கருப்பையா தவிசாளரின் முகத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, "எழுதுங்க. நான் வழிமொழியுறேன்" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. சுவர் பக்கத்திலிருந்த இரண்டு பெண் உறுப்பினர்கள் முதலில் கை தூக்கினார்கள். அவர்களுடைய தோட்டங்களிலும் மேல் டிவிசன்கள் உண்டு. பிறகு ஜன்னல் பக்கத்தில் மூன்று பேர். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தவிசாளருக்கு விளங்கியது, அவர் கையும் மேலே போனது. அதைச் சுவர் பக்கத் தலைவர் பார்த்தார். தண்ணீர் வேண்டாம் என்று சொன்ன பெயர் தனக்கு மட்டும் வந்துவிடுமே! அவர் கையும் போனது, மிச்சமிருந்தவர்கள் கையும் போனது. எண்ணிப் பார்த்தேன். பதினேழு.

லூர்தம்மா கால்மாட்டிலிருந்து என்னைப் பார்த்து, "இப்ப எழுதலாங்க ஐயா, அந்த வார்த்தைய" என்றார்.

எழுதினேன். என் சேவைக்காலத்தில் எத்தனை ஆயிரம் தடவை அந்த வார்த்தையை எழுதியிருப்பேனோ தெரியாது. உண்மையாக எழுதியது அன்றைக்குத்தான். என்னை மொனராகலைக்கு யாரும் அனுப்பவும் இல்லை. இரண்டு பக்கமும் வெற்றியைக் கொண்டாடிக்கொண்டிருந்ததில் என்னை மறந்துவிட்டார்கள்.

மறுநாளே பவுசர் மேல் டிவிசனுக்கு ஏறியது. ஜன்னல் பக்கத்தார் பவுசருக்கு முன்னால் நின்று படம் எடுத்தார்கள், சுவர் பக்கத்தார் பின்னால் நின்று எடுத்தார்கள். எந்தப் படத்திலும் லூர்தம்மா இல்லை. அவர் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார் என்று பவுசர் சாரதி வந்து சொன்னான்.

அடுத்த தேர்தலில் இரண்டு கட்சியின் நோட்டீசிலும் 'வற்றிய பீலிக்கு முதல் தண்ணீர்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. லூர்தம்மாவின் குழு தோற்றுப்போனது. அவருடைய யோசனையை எடுத்துக்கொண்டார்கள், அவரை விட்டுவிட்டார்கள். ஹட்டன் பஸ் நிலையத்தில் ஒருநாள் கண்டு, "வருத்தமா இல்லியாம்மா?" என்று கேட்டேன். "இருக்குங்க ஐயா, இல்லாம எப்புடி?" என்றார். "ஆனா தண்ணி வருதுங்க." இருப்பதை இருப்பதாகவே சொல்கிற அந்தக் குணம் எனக்கு மிகவும் பிடிக்கும்.

தோற்கிற கட்சிக்கு எதற்கு இவ்வளவு புகழ்ச்சி, வேலை முடிந்துவிட்டதே, இனி மூன்றாவது ஆள் எதற்கு என்று உங்களில் யாராவது கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். புதிய சபையில் மறுபடியும் இரண்டு வரிசை மட்டுந்தான். கால்மாட்டில் நாற்காலி இல்லை. தவிசாளர் அறையில் பிளேன்டீயும் வடையும் திரும்பி வந்தன. நான் ஓய்வுபெற ஐந்து மாதம் இருந்தபோது ஒரு தீர்மானம் வந்தது. பவுசர் பட்டியலை 'நிலைமைக்கேற்ப மாற்றியமைக்கும் அதிகாரம்' தவிசாளருக்கு. இரண்டு பக்கமும் அறையிலேயே ஒத்துக்கொண்டார்கள். பழைய போன் வழக்கத்தைக் கொல்லைப்புறமாகக் கொண்டுவருகிற வேலை அது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். முதல்நாளே கூட்டறிக்கையை எழுதி வைத்தேன்.

அடுத்த அமர்வில் பார்வையாளர் வாங்கில் லூர்தம்மா உட்கார்ந்திருந்தார். நான் முதன்முதலில் அவருக்கு நாற்காலி போட்ட அதே கதவோரம். மடியில் ஒரு போத்தல், இந்தத் தடவை அதில் இருந்தது குடிக்கிற தண்ணீர். கூட்டறிக்கையை வாசித்ததாகக் கொள்வோம் என்றார் தவிசாளர். ஜன்னல் வரிசை முனையிலிருந்து கருப்பையா எழுந்தார்.

"வாசிக்கச் சொல்லுங்க" என்றார்.

வாசித்தேன். ஏகமனதாக என்ற இடத்தில் என் குரல் இறங்கிப்போனது.

"நான் அன்னைக்குக் கை தூக்கல. வெட்டிட்டு எழுதுங்க. அந்தப் பட்டியல ஏன் மாத்துறீங்கன்னும் சொல்லச் சொல்லி எழுதுங்க."

காரணத்தைச் சொன்னால் அது அறிக்கையில் ஏறிவிடும். தவிசாளர் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பட்டியல் அப்படியே நின்றது. என் கையாலேயே அந்த வார்த்தையை வெட்டி, பக்கத்தில் ஒப்பமிட்டேன். பார்வையாளர்கள் பேசக்கூடாது என்பது விதி.

அமர்வு முடிந்து படியில் இறங்கும்போதுதான் லூர்தம்மா கிட்ட வந்தார்.

"நீங்களே மறுபடியும் எழுதிட்டீங்களே ஐயா?"

"பழக்கம்மா" என்றேன்.

"தெரியுங்க ஐயா. நல்லவங்களுக்கும் பழக்கம் வந்துருது" என்று சொல்லிவிட்டு டயகம பஸ்ஸைப் பார்த்து நடந்தார். நாலடி போனபிறகு திரும்பி, "அதுக்குத்தான் அடுத்த எலெக்சன்லயும் நிக்கிறோம்" என்றார்.